சாயப்பட்டறை மூச்சிரைப்பும் தள்ளி வைத்த கத்தரிக்காயும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன், இஎஸ்ஐ பிடித்தமும் உண்டு. அதில் கடைசி ஐந்து வருடமாகக் கலர் கிச்சனில் சாயப் பவுடரை எடை போட்டுக் கரைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. இரண்டு வருடமாக, இரவு சாப்பிட்டுப் படுத்தால் பத்து மணிக்கு மேல் இருமலும் மூச்சிரைப்பும் வந்துவிடுகின்றன. சாப்பாடுதான் காரணம் என்று பலரும் சொன்னதால் ரத்தத்தில் அலர்ஜி பரிசோதனை செய்தேன். 17 உணவுப் பொருள்களுக்குப் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. கத்தரிக்காய், கடலைக்காய், தேங்காய், பால், தயிர், முட்டை, இறால் எல்லாவற்றையும் எட்டு மாதமாக நிறுத்திவிட்டேன். ஆறு கிலோ எடை குறைந்ததுதான் மிச்சம். போன தீபாவளிக்குத் தாராபுரம் பக்கம் உள்ள எங்கள் ஊரில் பத்து நாள் தங்கியபோது மட்டும் நன்றாக இருந்தேன் (அம்மா சமைத்துப் போட்டதை மறுக்க முடியாமல் எல்லாமே சாப்பிட்டேன்). நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார், ‘எனக்கும் திங்கட்கிழமையானால் நெஞ்சைப் பிடிக்கும், அதேதான் உங்களுக்கும்’ என்கிறார். கோவையில் ஒரு மருத்துவமனையில் தொழில் சார்ந்த ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஏழு மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறான். என்னைப் போல் ஆகிவிடக் கூடாது என்று அவனுக்கும் கடலை, முட்டை எதுவும் காட்டாமல் வைத்திருக்கிறோம். நான் என்ன செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நான்கு பக்கப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்தேன். அந்த நான்கு பக்கத்தைவிட, கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘அம்மா சமைத்துப் போட்டதை மறுக்க முடியாமல் எல்லாமே சாப்பிட்டேன்’ என்று, அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் சொல்கிறது. தேங்காய்ச் சட்னியும் கடலையும் தயிரும் முட்டையும் பத்து நாள் உங்கள் வயிற்றுக்குள் போயிருக்கின்றன, இருமல் வரவில்லை. திருப்பூருக்குத் திரும்பி அவற்றை மறுபடி நிறுத்தினீர்கள், இருமல் வந்துவிட்டது. உணவு ஒவ்வாமையை உறுதி செய்ய நாங்கள் மருத்துவமனையில் நோயாளியை உட்கார வைத்து, சந்தேகப்படும் பொருளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அந்தப் பரிசோதனையை உங்கள் தாயார் தம் அடுக்களையிலேயே தெரியாமல் நடத்தி முடித்துவிட்டார்.

ஆகவே முதலில் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசிவிடுவோம். ரத்தத்தில் ஒரு பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்று வருகிறது. உங்கள் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அதைத் தின்றால் நோய் வரும் என்பது வேறு செய்தி, அது தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றின் பகுதியாகப் பெங்களூரு, மைசூரு பகுதிகளில் வயது வந்தவர்களிடையே நடத்தப்பட்டு 2016-இல் வெளியான அந்த ஆய்வில், ஏதேனும் ஓர் உணவுக்கு ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டியவர்கள் 26.5 சதவீதம், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்கவர்களோ 1.2 சதவீதம் மட்டுமே. அதாவது, நூறு பேரைத் தெருவில் நிறுத்தி இந்தப் பரிசோதனையைச் செய்தால் கால்வாசிப் பேர் கத்தரிக்காயையோ கடலையையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பாசிட்டிவ் ஏன் இவ்வளவு தாராளமாக வருகிறது என்று கேட்பீர்கள். செடி கொடிகளின் மகரந்தத்தில் இருக்கும் சில புரதங்களும் சர்க்கரைக் கூறுகளும் காய், பருப்பு, கொட்டைகளிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கின்றன. மகரந்தத்துக்கு உருவான ஐஜிஇ, பரிசோதனைக் குழாயில் அவற்றையும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் அறிக்கையில் வீட்டுத் தூசிப் பூச்சிக்கு மிக உயர்ந்த அளவும், இறாலுக்குச் சற்றுக் குறைந்த அளவும் இருப்பது இதே கதைதான். தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி, இறால் மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. இறாலைத் தாராபுரத்தில் நீங்கள் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால் அதை மட்டும் நேரில் பரிசோதிக்கும் வரை விட்டு வையுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக, பகல் வேளையில், சிறு அளவில் தொடங்கித் திரும்ப உண்ணலாம். முன்பு எப்போதாவது ஓர் உணவைச் சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்தல், உதடு வீங்குதல், வாந்தி, மூச்சடைப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்திருந்தால் அந்த உணவை மட்டும் வீட்டில் முயலக் கூடாது. அது உண்மையான உணவு ஒவ்வாமையின் முகம், அதற்கு மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசியும் வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சிகூட இல்லை.

இடையில் ஒன்று. சில பரிசோதனைக் கூடங்கள் ஐஜிஇ-க்குப் பதிலாக ஐஜிஜி அளந்து நூறு, இருநூறு உணவுகளுக்குப் பட்டியல் தருகின்றன. ஐஜிஜி என்பது அந்த உணவை நாம் உண்டு பழகியிருக்கிறோம் என்பதன் அடையாளம். அதை வைத்து ஒவ்வாமையைக் கண்டறியக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே எழுதிவிட்டது. அந்தப் பட்டியலுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு மாதத்துக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம்.

இனி, இரவு பத்து மணிக்கு வருவோம். நீங்களும் உங்களைச் சுற்றி இருப்பவர்களும் சாப்பாட்டைச் சந்தேகித்ததற்கு அந்த நேரம்தான் காரணம், அது நியாயமான சந்தேகமும் கூட. ஆனால் மூச்சுக்குழாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வாத பொருளை உள்ளிழுத்தவுடன் சிலருக்கு நிமிடங்களில் இரைப்பு வரும். சிலருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாமல், நான்கு மணி முதல் எட்டு மணி நேரம் கழித்து மெதுவாக இறுகத் தொடங்கி, இரவெல்லாம் நீடிக்கும். தாமத எதிர்வினை என்று இதைச் சொல்கிறோம். பட்டறைத் தூசிக்கு வரும் ஆஸ்துமாவில் இந்தத் தாமதம் மிகவும் சாதாரணம். மாலை மூன்று மணிக்குக் கறுப்புச் சாயத்தை எடை போட்டுவிட்டு, ஆறு மணிக்கு வீடு வந்து, குளித்து, எட்டரைக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்கு இருமினால், யாருக்கும் எட்டரை மணித் தயிர்தான் நினைவுக்கு வரும்; மூன்று மணிச் சாயம் வராது. குற்றம் செய்தவன் ஊரை விட்டே போன பிறகு, கடைசியாக வந்தவனைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

உங்கள் கலர் கிச்சனை நான் பார்த்ததில்லை. ஆனால் பல வருடங்களுக்கு முன் இன்னொரு நோயாளிக்காக அதைப் போன்ற ஓர் அறைக்குள் போயிருக்கிறேன், அன்று கண்ட ஒன்றை மறக்கவில்லை. தராசு மேடையைச் சுற்றித் தரை சுத்தமாக, உலர்ந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. தூசி இருப்பதாகவே தெரியவில்லை. வெளியே தண்ணீர் தேங்கிய இடத்தில் மிதித்துவிட்டு வந்த என் செருப்பின் ஈரம் பட்டதுதான் தாமதம், நான் நடந்து வந்த வழியெல்லாம் ஒவ்வொரு அடியாக நீலமும் சிவப்புமாகத் தரையில் பூத்துக்கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த பவுடர் ஈரத்தில் நிறம் காட்டியது. ஈரமான மூக்குக்கும் மூச்சுக்குழாய்க்கும் உள்ளேயும் இதேதான் நடக்கிறது. வேலை முடிந்து மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையில் என்ன நிறம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஊகிக்க முடிகிறது.

திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் வகைச் சாயங்கள். அவை துவைத்தாலும் போகாமல் இருப்பதற்குக் காரணம், பருத்தி இழையின் செல்லுலோஸோடு வேதியியல் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்வதுதான். அந்தக் குணமே தொழிலாளிக்கு வினையாகிறது. இழையைப் பிடிக்கும் அதே துடிப்போடு, உள்ளிழுத்த சாயத் துகள் நம் உடலின் அல்புமின் போன்ற புரதங்களையும் பிடித்துக்கொள்கிறது. சாயம் ஒட்டிய சொந்தப் புரதத்தை உடல் அந்நியனாகக் கண்டு அதற்கு எதிராக ஐஜிஇ உருவாக்குகிறது. பின்லாந்திலும் கொரியாவிலும் சாயத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள் இந்த வழியைத் தோல் பரிசோதனையாலும், சாயத்தை உள்ளிழுக்கச் செய்து பார்த்ததாலும் உறுதி செய்திருக்கிறார்கள். இது முதல் நாளே வருவதில்லை. மாதங்களோ வருடங்களோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்த பிறகுதான் உடல் திரும்பிக்கொள்ளும். ‘இத்தனை வருசமா இல்லாதது இப்ப எப்படிங்க வரும்?’ என்று என்னிடம் கேட்காத சாயப்பட்டறைக்காரர் இல்லை. கலர் கிச்சனில் மூன்று வருடம் நன்றாக இருந்துவிட்டு அதன் பிறகு இரைப்புத் தொடங்கியது என்ற உங்கள் கணக்கு இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

உங்கள் மாமனாரின் கருத்துக்கு வருகிறேன். பெரியவர் தம் உடம்பைக் கூர்ந்து கவனித்திருக்கிறார், அவர் சொல்லும் திங்கட்கிழமைக்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. 1888-இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்த காலத்திலிருந்து நம் பகுதியில் எத்தனை தலைமுறை, பஞ்சைப் பிரித்து வாரும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியை இழுத்திருக்கிறது! அந்தத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயில், ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்களன்று வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் என்று போகப் போக, தொடக்கக் கட்டத்தில், அது தணியும். அங்கே முக்கியக் காரணமாகக் கருதப்படுவது பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்னும் நச்சு. ஐஜிஇ சார்ந்த ஒவ்வாமை அல்ல. சாயத்தால் வரும் ஆஸ்துமா பெரும்பாலும் நேர் எதிராக நடந்துகொள்ளும். திங்களன்று லேசாகத் தொடங்கி, சனிக்கிழமை வரை நாளுக்கு நாள் ஏறி, ஒரு நாள் விடுமுறையில் முழுதாக இறங்காமல், பத்து நாள் விடுமுறையில்தான் இறங்கும். மாமனாருக்கு வந்ததும் உங்களுக்கு வந்திருப்பதும் ஒரே வீட்டுக்குள் இரண்டு வேறு நோய்கள் என்றே நினைக்கிறேன். இரண்டிலும் தொழிலே காரணம் என்ற அளவில் அவர் சொன்னது சரி.

நினைக்கிறேன் என்று எழுதுகிறேனே தவிர, உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு சான்று வேண்டும். அதை உருவாக்கித் தரக்கூடியவர் நீங்கள்தான். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழாய் மருந்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நின்றுகொண்டு, முள்ளைச் சுழியத்துக்கு இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, பொங்கலடுப்பை ஊதுவது போல் நீளமாக ஊதாமல், ஒரே வெடிப்பில் ‘ஃபூ’ என்று விட வேண்டும். மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை மட்டும் நோட்டில் எழுதுங்கள். எழுந்தவுடன், நண்பகலில், வேலை முடிந்ததும், படுக்கப் போகும் முன் என்று ஒரு நாளைக்கு நான்கு வேளை. வேலை நாளும் விடுமுறை நாளும் கலந்து நான்கு வாரம். பக்கத்திலேயே அன்று எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எந்தச் சாயத்தை எடை போட்டீர்கள், இன்ஹேலர் எத்தனை முறை எடுத்தீர்கள் என்றும் இருக்கட்டும். ஊதாமல் விட்ட வேளையைக் காலியாக விடுங்கள். மறுநாள் உத்தேசமாக நிரப்ப வேண்டாம். உத்தேச எண்கள் எப்போதும் அழகாக இருக்கும், எங்களை ஏமாற்றவும் செய்யும்.

நான்கு வாரத்துக்குள் ஒரு நீண்ட விடுமுறை வருமாறு பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. திருப்பூரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டறைகள் தொடர்ந்து பல நாள் ஓய்வது எங்களைப் போன்றவர்களுக்கு வேறு ஊர்களில் கிடைக்காத வசதி. அந்த எண்களைக் கோடாக வரையும்போது, வேலை நாள்களில் அது பள்ளத்தாக்காக இறங்கி, விடுமுறையில் மேடாக ஏறி, திரும்பியதும் மறுபடி இறங்கினால், பதினேழு பாசிட்டிவ்களும் சேர்ந்து சொல்லாததை அந்த ஒரு கோடு சொல்லிவிடும். இதில் ஒரு நிபந்தனை: ஆதாரம் திரட்டுகிறேன் என்று இரைப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஒரே அளவில் தொடருங்கள். அதைப் பிடித்தால் விட முடியாது என்ற பேச்சில் உண்மையில்லை. விட முடியாமல் இருப்பது ஆஸ்துமாதான். பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ, நோட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவு தூரம் தொழிலைப் பற்றிக் கேட்பதற்கு எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. பணியைத் தொடங்கிய புதிதில், விசைத்தறி ஊரான சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு இரண்டு வருடம் ஆஸ்துமா மருந்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியாக, ‘லீவுல இருந்தா ஒண்ணுமில்லீங்க சாமி, உள்ள கால வெச்சாத்தான் புடிச்சுக்குதுங்க’ என்றபோதுதான், உள்ளே என்றால் எதற்குள்ளே என்று கேட்கத் தோன்றியது. நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்று கேள் என மருத்துவர்களுக்கு இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-இல் எழுதி வைத்த புத்தகத்தை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் கேட்கவில்லை. வயது வந்தவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குத் தொழிலின் பங்கு உண்டு என்று 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து மதிப்பிட்டிருக்கின்றன. ஆறில் ஒருவர் என்று கொள்ளலாம். விசைத்தறியும் சாயமும் நாமக்கல் கோழிப் பண்ணையும் ஈரோட்டு மஞ்சள் அரவையும் பொள்ளாச்சித் தென்னை நார்த் தொழிலும் கோபிப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பும் உள்ள நம் கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது என்ன வைத்தியம்?

உணவும் தொழிலும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்து குழப்பும் என்பதற்குப் பரோட்டா மாஸ்டர்கள் நல்ல எடுத்துக்காட்டு. மாவுத் தூசியை உள்ளிழுத்து உள்ளிழுத்துக் கோதுமைக்கு ஐஜிஇ உண்டாகி ஆஸ்துமா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அதே மாவில் சுட்ட பரோட்டாவை உட்கார்ந்து தின்றால் ஒன்றும் ஆகாது. மூக்கின் வழியே போனால் பகை, வாயின் வழியே போனால் உணவு. வேக வைத்தலும் வயிற்றுச் செரிமானமும் பல புரதங்களைச் சிதைத்துவிடுகின்றன. ரத்தப் பரிசோதனைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது கோதுமை பாசிட்டிவ் என்று அச்சடித்துக் கொடுத்துவிடும்.

ஆராய்ச்சியில் சேரலாமா என்ற கேள்விக்கு என் பதில், சேரலாம், ஆனால் கேட்டுக்கொண்டு சேருங்கள் என்பது. நீங்கள் அனுப்பியிருக்கும் தகவல் தாளின்படி இது புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அல்ல. ரத்தம் எடுப்பார்கள், சாயங்களை வைத்துத் தோலில் குத்திப் பார்ப்பார்கள், நுரையீரல் ஊதல் பரிசோதனை செய்வார்கள், நான்கு வாரம் பீக் ஃப்ளோ எழுதச் சொல்வார்கள். தோல் பரிசோதனை என்பது முழங்கைக்குக் கீழ் ஒரு சொட்டு வைத்து, அதன் வழியே நுனி ஊசியால் மேல்தோலை மட்டும் லேசாகக் குத்துவது. கால் மணி நேரத்தில் கொசு கடித்தது போலத் தடிப்பு வருகிறதா என்று அளப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். இன்ஹேலரை அவர்கள் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சாயத்தையே உள்ளிழுக்கச் செய்யும் பரிசோதனையும் உண்டா என்று தாளில் தெளிவாக இல்லை. அதைக் கட்டாயம் கேளுங்கள். உண்டு என்றால், காலையில் செய்துவிட்டு மதியம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன தாமத எதிர்வினைக்காக நாள் முழுவதும் உங்களை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

சோதனை எலி என்ற பயம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, அது வீண் பயம் என்று நான் தள்ளிவிடவும் மாட்டேன். எலிக்குக் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது, பாதியில் எழுந்து போகும் உரிமையும் கிடையாது. உங்களுக்கு இரண்டும் உண்டு. நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும், எப்போது விலகினாலும் உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மருந்து ஆய்வுகளை நம் நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். மற்ற ஆய்வுகளும் அதில் பதிவாவதுண்டு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நாளைக்குப் புதிய மருந்தோ தடுப்பூசியோ சோதிக்கும் வேறோர் ஆய்வுக்கு அழைத்தால், அதில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் நிலையில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இவற்றில் எதுவும் அல்ல. ‘என் முடிவு என் முதலாளிக்குப் போகுமா?’ என்பதே அது. உங்கள் பெயரோடு எந்தத் தகவலும் பட்டறைக்குப் போகாது என்று படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. அது இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த ஆய்வு நடப்பதை நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. சாயப்பட்டறையில் இன்று வேலை செய்பவர்களை மட்டும் எண்ணினால், மூச்சிரைப்பு வந்து முன்பே விலகி, ஊருக்குப் போய் மாடு மேய்ப்பவரும் செக்யூரிட்டி வேலைக்குப் போனவரும் கணக்கில் வரமாட்டார்கள். மிஞ்சியவர்கள் நலமாக இருப்பதால் தொழிலே நலமானது போலத் தோன்றும். நலமான தொழிலாளர் விளைவு என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்வார்கள். ஆய்வுக் குழுவினரைச் சந்திக்கும்போது, விலகிப் போன உங்கள் பழைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொல்லுங்கள்; அவர்கள் சம்மதித்தால் அறிமுகமும் செய்து வையுங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். ஒவ்வாமை வந்துவிடும் என்று பயந்து கடலையையும் முட்டையையும் தள்ளிப் போடுவதுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன அறிவுரை. லண்டனில், கடுமையான கரப்பான் படை என்னும் தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிலக்கடலை கொடுத்தும் மறு பிரிவுக்கு விலக்கியும் ஐந்து வயது வரை பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு அந்த அறிவுரையைக் கவிழ்த்துவிட்டது. தொடக்கத் தோல் பரிசோதனையில் கடலைக்கு எதிர்வினை காட்டாத குழந்தைகளில், விலக்கியவர்களில் 13.7 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது, உண்டவர்களில் 1.9 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. உங்கள் மகனுக்குக் கடுமையான தோல் படையோ, ஏற்கெனவே ஏதேனும் உணவுக்கு எதிர்வினையோ இருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால், வறுத்த கடலையை மாவாக அரைத்துக் கூழிலோ, குழைந்த அரிசிம்பருப்புச் சாதத்திலோ கால் தேக்கரண்டி கலந்து கொடுத்துப் பார்க்கலாம். நன்றாக வெந்த முட்டையை வேறொரு நாளில் தொடங்குங்கள். கடலையை முழுதாகவோ உடைத்தோ கொடுக்கவே கூடாது. அது ஒவ்வாமைக்காக அல்ல, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக.

கடைசியாக வேலை. கோபத்திலோ பயத்திலோ நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேலையை விட்டுவிட்டால் வேலை நாளும் விடுமுறை நாளும் ஒப்பிடும் அந்தக் கோடு கிடைக்காது. நோய் தொழிலால் வந்தது என்று நிறுவும் வாய்ப்பும் குறைந்துவிடும். உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இஎஸ்ஐ திட்டத்துக்கான சட்டத்தில் தொழில் நோய்களுக்கென்றே ஓர் அட்டவணை உள்ளது. உங்கள் மாமனாரின் பஞ்சுத் தூசி நோய் அதில் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. உங்கள் நோய்க்கும் உரிய பதிவு வேண்டுமானால், நோட்டும் நுரையீரல் பரிசோதனை முடிவும் இஎஸ்ஐ மருத்துவரின் கோப்பில் இப்போதே ஏற வேண்டும். கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

அதே சமயம், நோய் உறுதியான பிறகு கலர் கிச்சனிலேயே வருடக்கணக்கில் தொடர்வதும் கூடாது. காரணமான தூசியிலிருந்து முழுமையாக விலகிய தொழில் ஆஸ்துமாக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் முழுதாகக் குணமாகிறார். தொந்தரவு தொடங்கியபின் விரைவில் விலகியவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகம். இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. துணி முகமூடி இந்தத் துகளை நிறுத்தாது. என்95 முகமூடி இடைவெளியில்லாமல் பொருந்தினால் அளவைக் குறைக்கும், ஆனால் ஒருமுறை உடல் திரும்பிக்கொண்ட பின் மிகச் சிறு அளவும் போதுமானது. பவுடருக்குப் பதில் திரவச் சாயம், மூடிய தானியங்கி எடை இயந்திரம், தராசுக்கு மேலேயே உறிஞ்சு குழாய், துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துடைப்பு என்று பட்டறை செய்யக்கூடியவை பல. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் சட்டையைத் தட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் அளவில் உண்மையான தீர்வு, சாயம் நனைந்து உலர்ந்து முடிந்த துணி மட்டும் வரும் செக்கிங், பேக்கிங் போன்ற பிரிவுக்கு மாறுவது. பதினோரு வருட அனுபவம் உள்ளவரை இழக்க எந்த முதலாளியும் எளிதில் விரும்பமாட்டார். நான்கு வார நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பேச்சு வேறு விதமாக நடக்கும்.

மீட்டரை இந்த வாரமே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் முதல் எண்ணை எழுதுங்கள். அன்று மதியத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட நேரத்தையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் அந்தப் பக்கங்களின் நகலை எனக்கு அனுப்பினால் கோட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.